மாமியார் கேமராமேல் துண்டு போட்டார்

அன்புள்ள தோழிக்கு,

"நமக்கு ஒளிச்சு வைக்க என்னடி இருக்கு, ஆதாரைக் கேட்ட இடத்திலெல்லாம் நீட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று எழுதியிருந்தாய். படித்த அன்றே உன்னோடு சண்டை போட நினைத்தேன். அதற்குள் எங்கள் வீட்டிலேயே ஒரு சண்டை வந்துவிட்டது. அதைச் சொன்னால் உனக்கான பதிலில் பாதி அதிலேயே வந்துவிடும்.

இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் தனியாக இருக்கும் என் மாமியாரை உனக்குத் தெரியுமே. குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் பிள்ளைகள் பயந்துபோய், அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் அறைச் சுவரில் ஒரு சின்ன கேமராவை மாட்டிவிட்டார்கள். ஆள் அசைந்தால் நம் போனுக்குத் தகவல் வரும், இருட்டிலும் தெரியும், நாம் இங்கே பேசினால் அங்கே கேட்கும். கடவுச்சொல் எங்கள் எல்லாருக்கும், பிரான்சில், லியோனில் படிக்கும் என் மகளுக்கும், கொழுந்தன் பிள்ளைகளுக்கும் போயிற்று. அன்று சாயங்காலமே படம் கறுத்துவிட்டது. பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், மாமியார் கேமராமேல் துண்டைப் போட்டுவிட்டு நிதானமாகச் சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பொரிந்து தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரி சன்னல் வழியாகப் பார்த்தால் அவள் பார்ப்பது எனக்குத் தெரியும், நானும் திருப்பி முறைப்பேன். இதில் யார் எப்போது பார்க்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், புடவை மாற்றுவதற்கு முன்னால் லியோனுக்குப் போன் போட்டுக் கேட்கணுமா என்றார்.

என் கணவருக்குச் சிரிப்பு. இந்தத் தீவில் யாருக்கு என்ன ரகசியம், நேற்று நம் வீட்டில் என்ன குழம்பு என்பது இன்று காலை கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் ஊர்வாய் நாலு நாளில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், பேசுகிறவளின் கதையும் நம் கையில் இருக்கும். கேமராப் பதிவு எந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்று அதை விற்ற பையனுக்கே தெரியவில்லை. இன்னொன்று, பெயரை எடுத்துவிட்டுத்தான் விவரங்களைப் பயன்படுத்துகிறோம் என்று ஆப்காரர்கள் சொல்கிறார்களே, அது உங்கள் சென்னைக்குச் சரியாக இருக்கலாம். மொத்தமே 12 லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கிற இந்தத் தீவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, காத்ர் போர்னில் வீடு, மகள் லியோனில் என்று மூன்று விஷயம் போதும், என் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடலாம்.

அரசாங்கம் கேட்டபோது இங்கே சண்டை போட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். 2013-ல் விரல்ரேகையோடு புது அடையாள அட்டை வந்தது. மாதேவூ என்பவர் வழக்குப் போட்டார். 2015-ல் எங்கள் உச்ச நீதிமன்றம், ரேகை எடுக்கலாம், ஆனால் எல்லாருடைய ரேகையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது. அவர் அதோடு விடவில்லை. எங்கள் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலில் 2016-ல் தோற்று, ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார். அட்டையில் இருக்கும் ரேகைக்குப் போதிய பாதுகாப்பு இருப்பதாக அரசு காட்டவில்லை, இது தனியுரிமை மீறல் என்று அவர்கள் 2021-ல் சொன்னார்கள். உங்கள் ஊரிலும் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி வயதான காலத்தில் ஆதாருக்கு எதிராக வழக்குப் போட்டதால்தானே 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள்? அந்த மனுஷனுக்கும் ஒளிக்க ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் அட்டைக்காகக் கோர்ட்டு வரை போன ஊரில், அந்த அட்டையின் நகலைக் கேட்கிற எவருக்கும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறோம். காவடிக்குப் பெயர் கொடுக்கிற பட்டியலை ஒரு கோவில் குழுவில், யார் என்று சொல்ல மாட்டேன், அடையாள எண்களோடு அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். எங்கள் அடையாள எண் குடும்பப் பெயரின் முதல் எழுத்தில் ஆரம்பிக்கும், அடுத்த ஆறு இலக்கம் பிறந்த தேதி. நம் ஜனங்கள் பாதிப் பேர் அந்தப் பிறந்த தேதியைத்தான் வங்கி ஆப்புக்கும் ரகசிய எண்ணாக வைத்திருப்பார்கள். வேல் குத்துகிறவனின் பிறந்த தேதி முந்நூறு பேருக்கு எதற்கு? கேட்டேன், "டீச்சர், எல்லாரும் நம்ம ஆளுங்கதானே" என்றார்கள்.

  

2024 அக்டோபர் கூத்து உங்கள் செய்திகளில் வந்ததோ என்னவோ. தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அரசியல்வாதிகள், போலீஸ், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள் என்று பலருடைய போன் பேச்சுப் பதிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நவம்பர் 1-ம் தேதி அரசாங்கம் தேர்தல் முடியும்வரை சமூக வலைத்தளங்களை மூடச் சொல்லி, எதிர்ப்பைப் பார்த்து மறுநாளே பின்வாங்கியது. தேர்தலில் ஆளுங்கட்சிக்கு என்ன ஆனது என்பதைத் தேடிப் பார், சிரிப்பாய். ஒட்டுக்கேட்டதற்கு எல்லாரும் கொதித்தோம். அதே பதிவுகளை ராத்திரி சாப்பாட்டு மேசையில் வைத்து ஒன்று விடாமல் கேட்கவும் செய்தோம், மாமியார் உட்பட. அவரிடம் இதைச் சொன்னால், "அவங்க மந்திரிங்க, நான் மந்திரியா?" என்கிறார். அந்தப் பதிவுகளில் மந்திரி அல்லாதவர்களும் இருந்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், காது கேட்காதது போல இருந்துவிட்டார்.

சரி, சண்டை எப்படி முடிந்தது என்று கேட்பாய். கேமரா அறையிலிருந்து கூடத்துக்கு வந்தது, வாசலையும் நாற்காலியையும் மட்டும் பார்க்கிறது. கடவுச்சொல்லை மாற்றி இரண்டு பிள்ளைகளிடம் மட்டும் கொடுத்தோம், என்னிடம் இல்லை, எனக்கு வேண்டவும் வேண்டாம். விழுந்தால் அழுத்துவதற்குக் கழுத்தில் ஒரு பட்டன். அதைச் சங்கிலியோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். மகளுக்குத்தான் கோபம், பாட்டியை நினைத்தபோது பார்க்க முடியவில்லையாம். போன் பண்ணிப் பேசு என்றேன்.

தைப்பூசத்துக்கு வருகிறாய் என்பது உறுதிதானே? தங்கும் இடத்துக்குப் பாஸ்போர்ட் நகல் கேட்டேன் என்று அதை நம் ஹாஸ்டல் குழுவில் போட்டுவிடாதே. எனக்குத் தனியாக அனுப்பு, அறை உறுதியானதும் நான் அழித்துவிடுகிறேன், நீயும் அங்கே அழித்துவிடு. வரும்போது அரைக்கிலோ சுண்டைக்காய் வற்றல் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி