கோச் செய்த தப்புக்குப் பிள்ளைகளை ஏன் உட்கார வைக்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியை இந்த வருடமும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் சேர்க்கவில்லை. அந்தக் கல்லூரியில் படிக்காத ஒரு ஆளை, வேறு ஒரு மாணவன் பெயரில் முன்பு ஒரு தடவை களத்தில் இறக்கியிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தத் தடை. இறக்கியது தப்புதான், அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் இறக்கிய கோச் இப்போது வேறு ஒரு கல்லூரியில் அதே வேலையில் இருக்கிறார், ஆடிய ஆள் எங்கேயோ சம்பாதித்துக்கொண்டிருக்கிறான், அன்றைக்கு டீமில் இருந்தவர்கள் டிகிரி முடித்துப் போய்விட்டார்கள். தடையை அனுபவிப்பவர்கள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பசங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கல்லூரிக் கூடைப்பந்தில் கோடிக் கோடியாகப் பணம் புரளும் அமெரிக்காவிலும் இதே சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு கொடுத்த தண்டனைகளை நான் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே உதவி கோச்சாக இருந்த லமான்ட் எவன்ஸ், ஆட்டக்காரர்களைச் சில நிதி ஆலோசகர்கள் பக்கம் தள்ளிவிடுவதற்கு லஞ்சம் வாங்கினார் என்று 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. கைது செய்தது. பல்கலைக்கழகம் சில நாளிலேயே அவரை வேலையை விட்டு நீக்கியது. அவர் சிறைக்கும் போனார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் 2020 ஜூனில் என்.சி.ஏ.ஏ. அந்த அணிக்கு ஒரு வருடம் தேசியப் போட்டியில் ஆடத் தடை விதித்தது. மேல்முறையீடு 2021 நவம்பர் வரை இழுத்தது, தடை உறுதியானது, 2022 மார்ச்சில் நடந்த போட்டியில் அந்த அணி ஆட முடியவில்லை. எவன்ஸ் லஞ்சம் வாங்கிய காலத்தில் அந்த அணியின் பசங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்.

அதே 2022 போட்டியில் கோப்பையை வென்றது யார் தெரியுமா? கான்சஸ் பல்கலைக்கழகம். 2017-இல் வெடித்த அதே எஃப்.பி.ஐ. விசாரணையில் சிக்கிய கான்சஸ்தான்! அவர்கள் வழக்கு வேறு ஒரு தனிக்குழுவிடம் போய், 2023 அக்டோபரில்தான் தீர்ப்பு வந்தது. அதில் 2018-இல் பெற்ற வெற்றிகள் சிலவற்றை அழித்தார்கள், மூன்று வருடக் கண்காணிப்பு போட்டார்கள், ஆனால் போட்டித் தடை கிடையாது. ஆக, ஒரே விசாரணையில் இருந்து கிளம்பிய இரண்டு வழக்குகளில், குற்றவாளியை உடனே வெளியே அனுப்பிய கல்லூரி வீட்டில் உட்கார்ந்தது, இன்னொன்று கோப்பையைத் தூக்கியது. நான் கான்சஸ் பசங்களைக் குறை சொல்லவில்லை, அவர்களைத் தடுக்காதது சரி. ஓக்லஹோமா ஸ்டேட் பசங்களைத் தடுத்ததுதான் தப்பு.

பெரிய கல்லூரிக்கு ஒரு நியாயம், சின்னக் கல்லூரிக்கு ஒரு நியாயம் என்ற புகார் அங்கே பழையது. நெவாடா லாஸ் வேகஸ் பல்கலைக்கழகத்தின் கோச் ஜெர்ரி டார்கேனியன் உச்ச நீதிமன்றம் வரை என்.சி.ஏ.ஏ.யோடு மோதியவர். 1988-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார், ஆனாலும் 1998-இல் அந்த அமைப்பு அவருக்கு 25 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பெரிய கல்லூரியான கென்டக்கி மேல் கோபம் வந்தால் இவர்கள் சின்னக் கல்லூரியான கிளீவ்லேண்ட் ஸ்டேட்டைத்தான் மறுபடியும் அடிப்பார்கள் என்ற பொருளில் அவர் சொன்னதை அங்கே இன்னும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 18 வருடம், வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரை கொடுத்தால் மார்க் போடும் பாடங்கள் ஓடின, 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள், ஆட்டக்காரர்கள் நிறையப் பேர். 2017-இல் என்.சி.ஏ.ஏ. எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. அந்தப் பாடங்களில் மற்ற மாணவர்களும் சேர முடிந்தது, அதனால் இது ஆட்டக்காரர்களுக்கு மட்டும் கொடுத்த சலுகை என்று சொல்ல முடியாது என்றார்கள்.

என்னை ரொம்பவும் உறுத்தியது லூயிவில் பல்கலைக்கழக விவகாரம். அங்கே டீம் அலுவலர் ஒருவர், சேர வந்த பசங்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் விடுதியில் கேவலமான விருந்துகள் ஏற்பாடு செய்தார். அது 2010 முதல் 2014 வரை நடந்தது. செய்தி 2015-இல் வெளியே வந்தது. பிற்பாடு பெரிய தண்டனை வரும், இப்போதே நாமே ஒன்றைக் கொடுத்துக்கொண்டால் குறையும் என்று கணக்குப் போட்டு, 2016 பிப்ரவரியில், சீசன் பாதிக்கு மேல் போன பிறகு, நாங்கள் இந்த வருடம் தேசியப் போட்டிக்குப் போக மாட்டோம் என்று பல்கலைக்கழகமே அறிவித்துவிட்டது. அந்த டீமில் டேமியன் லீ, டிரே லூயிஸ் என்று இரண்டு பேர். வேறு கல்லூரிகளில் ஆடி, தேசியப் போட்டியை ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்று கடைசி ஒரு வருடத்துக்காக லூயிவில்லுக்கு வந்தவர்கள். விருந்து நடந்த காலத்தில் அவர்கள் அந்த ஊரிலேயே இல்லை. நன்றாக ஆடி ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில், உங்களுக்கு மார்ச் மாதத் தேசியப் போட்டி கிடையாது என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு ஆறுதல்கூடச் சொல்ல முடியாது, அவர்களுக்கு அடுத்த வருடமே இல்லை. தலைமை கோச்சுக்கு என்ன ஆனது? ஐந்து ஆட்டம் சஸ்பெண்ட் என்றார்கள். பிறகு வேறு ஒரு விவகாரத்தில் 2017-இல் அவர் வேலை போனது. இன்றைக்கு அவர் நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸ் அணியின் தலைமை கோச்.

கோச்சுக்குக் கதவு திறந்தே இருக்கிறது, பசங்களுக்குத்தான் மூடிக்கொள்கிறது. மெம்பிஸ் பல்கலைக்கழகம் 2008-இல் பெற்ற 38 வெற்றிகளையும் விதிமீறலுக்காகப் பிறகு அழித்தார்கள். அதற்குள் கோச் ஜான் கலிபாரி கென்டக்கிக்குப் போய்விட்டார், 2012-இல் அங்கே கோப்பையும் வென்றார். அவர் மேல் தனிப்பட்ட குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதிவேட்டில் இருந்து பெயர் போனது, நியாயமாக ஆடிய மெம்பிஸ் பசங்கள் உட்பட எல்லோருக்கும்.

சரி, அப்படியானால் கல்லூரியை விட்டுவிடலாமா, விட்டால் யாருக்குப் பயம் இருக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏமாற்றி ஜெயித்த கோப்பையைப் பிடுங்குங்கள், அன்றைக்குத் தோற்ற அணிக்குக் கொடுங்கள், ஏனென்றால் உண்மையில் ஏமாந்தது அந்தப் பசங்கள்தான், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கல்லூரி நிர்வாகத்துக்கு வலிக்கிற மாதிரி அபராதம் போடுங்கள். கோச்சின் தண்டனை அவர் போகிற இடமெல்லாம் கூடவே போகட்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு முறை இருக்கிறது: தண்டனை பெற்ற கோச்சை வேலைக்கு எடுக்கிற கல்லூரி, ஏன் எடுத்தோம் என்று விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அதற்கும் தண்டனை. எவன்ஸுக்கு அது பத்து வருடம். நம்மிடம் அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் அந்தக் கோச் அடுத்த கல்லூரியில் விசில் ஊதிக்கொண்டு நிற்க முடியாது.

அங்கேயும் இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. 2022-இல் திருத்திய என்.சி.ஏ.ஏ. விதிகளில், தப்பில் சம்பந்தப்படாத மாணவர்களை முடிந்தவரை தண்டனை தொடக்கூடாது என்று எழுதினார்கள். அதைக் காட்டித்தான் 2023-இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு, 200-க்கும் மேற்பட்ட விதிமீறல் இருந்தும், போட்டித் தடை போடாமல் 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போட்டார்கள். பழைய கோச்சுக்கு, எவன்ஸுக்குக் கொடுத்த மாதிரித் தண்டனை, ஆறு வருடம். இது ஓக்லஹோமா ஸ்டேட் பசங்களுக்கு உதவவில்லை, ஆனால் நமக்கு உதவலாம்.

நம் பசங்களுக்கு ஒரு வருடம் என்றால் என்ன என்று உத்தரவு போடுபவர்களுக்குத் தெரிய வேண்டும். டிகிரி மூன்று வருடம், மிஞ்சினால் நான்கு. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் போலீஸ், ரயில்வே, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப் போட அது கைகொடுக்கும். இந்தச் சித்தூர் தாலுகாவில் அப்பா தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிற வீட்டுப் பையனுக்கு அதுதான் ஒரே வழி. அமெரிக்காவில் தடை வாங்கிய அணியின் பையன் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆட வழி செய்து கொடுக்கிறார்கள். இங்கே மாற முடியுமா? எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சி, கோயம்புத்தூர், ஆனால் இந்தப் பக்கம் கோழிக்கோடு பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் பாரதியார் பல்கலைக்கழகம். டிசி வேண்டும், மைக்ரேஷன் சர்டிபிகேட் வேண்டும், பாடத்திட்டம் வேறு, நடு வருடத்தில் யார் சேர்ப்பார்கள்? பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். டீமுக்காகத்தான் சாயந்திரம் ஏழு மணி வரை பயிற்சிக்கு நிற்க வீட்டில் விடுகிறார்கள். ஒரு வருடம் போட்டி இல்லை என்றால், அப்புறம் எதுக்கும்மா நிற்கிறே என்று கேட்பார்கள், அடுத்த வருடம் தடை நீங்கினாலும் அந்தப் பெண் திரும்பி வருவதில்லை. எனக்குத் தெரிந்து நன்றாக ஷூட் பண்ணுகிற பிள்ளைகள் இப்படியே நின்றுபோனார்கள்.

முந்தைய குத்தகைக்காரன் வாய்க்காலை உடைத்தான் என்பதற்காக, இன்றைக்கு நாற்று நட்டிருப்பவன் வயலுக்குத் தண்ணீர் விட மாட்டோம் என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் பஞ்சாயத்தில் விடுவார்களா?

விசாரணையில் ஒரு மாணவனையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள். மலையாளத்தில் ஒரு உத்தரவு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், தமிழ் மீடியத்தில் படித்து வந்த பசங்களுக்கு பி.டி. மாஷ் (உடற்கல்வி ஆசிரியர்)தான் படித்துச் சொன்னார். எத்தனை வருடத் தடை, மேல்முறையீடு யாரிடம் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது என்று அதில் ஒன்றும் இல்லையாம். மாணவர் பிரதிநிதி ஒருவர் இல்லாமல் இப்படிப்பட்ட விசாரணை நடக்கவே கூடாது. சம்பவம் நடந்த அதே கல்வி ஆண்டுக்குள் தீர்ப்பு சொல்ல முடியாவிட்டால், அணியைத் தொடாமல் ஆட்களை மட்டும் தண்டிக்க வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும்.

அடுத்த சீசனுக்கான அணிப் பதிவு தொடங்குவதற்கு முன்னால் இந்தத் தடையை மறுபரிசீலனை செய்யும்படி சம்பந்தப்பட்ட பல்கலைக்கழக விளையாட்டுத் துறையை உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கோவை நிருபர் அவர்களிடம் பேசும்போது, அந்த உத்தரவில் கோச்சின் பெயர் எங்காவது இருக்கிறதா என்பதையும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ஆடும் பிள்ளையின் தந்தை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.