ஒரே இடத்தில் தேடிவிட்டு ‘ஆய்வு இல்லை’ எனலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘இத்தலைப்பில் இதுவரை ஆய்வுகள் இல்லை’ என்ற வரி செவிலியர் ஆய்வேடுகளில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் ஒரே ஒரு முறை தேடிப்பார்த்துவிட்டு எழுதியதுதான் அது. ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விக்காக நோயாளிகளை மறுபடி சிரமப்படுத்துவது சரியல்ல.

எங்கே தேடுவது என்பதைக் கேள்விதான் சொல்ல வேண்டும். பப்மெட் இலவசம், மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் அதுவே முதல் இடம். ஆனால் செவிலியர் பணி, நோயாளியின் அனுபவம் பற்றிய கட்டுரைகளுக்குச் சினால் என்ற செவிலியர் துறைத் தரவுத்தளம் இல்லாமல் முடியாது. 1961இல் அச்சு அட்டவணையாகத் தொடங்கிய அதில் ஆய்வேடுகளும் உண்டு. சந்தா கட்ட வேண்டும் என்பதால் நூலகத்தைக் கேளுங்கள். மருந்து, கருவி என்றால் எம்பேஸ். மனநிலை, நடத்தை என்றால் சைக்இன்ஃபோ. ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்றால் காக்ரேன்.

சரியான இடத்துக்குப் போயும் தேடும் முறையில் கோட்டைவிடுவோர் அதிகம். படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பெட்சோர் என்பார், இன்னொருவர் பிரஷர் இஞ்சுரி என்பார், வேறொருவர் டெக்யூபிட்டஸ் என்பார். கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு இடப் பப்மெட் பயன்படுத்தும் மெஷ் பட்டியலில் இவை எல்லாம் ‘பிரஷர் அல்சர்’ என்ற ஒரே தலைப்பில் அடங்கும். அந்தத் தலைப்பு மட்டும் போதாது. புதிதாகச் சேர்ந்த கட்டுரைகளுக்கு அது இன்னும் ஏறியிருக்காது. சிலவற்றுக்கு ஏறவே ஏறாது. அதனால் மெஷ் தலைப்பையும், கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சொற்களையும் ‘ஆர்’ (OR, ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அடுத்த கருத்தையும் அப்படியே கட்டி, இரண்டையும் ‘ஆண்ட்’ (AND, இரண்டும் இருக்க வேண்டும்) கொண்டு சேருங்கள். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். கடைசி ‘ஆர்’ சொல்லுக்குரிய கட்டுரைகள் மொத்தமும் வந்து குவியும்.

சினாலுக்கும் எம்பேஸுக்கும் தனித்தனித் தலைப்புப் பட்டியல்கள் உண்டு. பப்மெட் வரியை அப்படியே ஒட்டாமல் ஒவ்வொன்றுக்கும் திருத்தி எழுத வேண்டும்.

வடிகட்டிகளில் எச்சரிக்கை தேவை. ‘மனிதர்கள்’, வயது ஆகியவற்றை டிக் செய்தால், மெஷ் ஏறாத புதுக் கட்டுரைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். ‘இலவச முழுக் கட்டுரை’ என்பதைத் தொடவே வேண்டாம். காசுக்குக் கிடைக்கும் ஆய்வும் ஆய்வுதான். கூகுள் ஸ்காலர் எத்தனை லட்சம் காட்டினாலும் முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் பார்க்க விடாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருத்தமானவை என்று முன்பே தெரிந்த நான்கைந்து கட்டுரைகள் முடிவுகளில் வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று வராவிட்டாலும் அதன் சுருக்கத்தில் உள்ள எந்தச் சொல்லை விட்டுவிட்டோம் என்று தேடுங்கள். தரவுத்தளத்தின் பெயர், தேடிய தேதி, முழுத் தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவையுங்கள். ஆய்வு வழிகாட்டிகள் இந்தக் குறிப்பைப் பார்த்த பிறகே ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ நூலகர்