கிரெடிட் கார்டு வட்டி விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய வங்கிகளிலும் சட்டமன்றங்களிலும் கிரெடிட் கார்டு விதிகளை வகுக்கும் பொறுப்பில் உள்ளோருக்கு,

வணக்கம். கார்டு வட்டிக்கு உச்சவரம்பு வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் எழும்போதெல்லாம் பேச்சு முழுவதும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றி நின்றுவிடுகிறது. எந்தத் தொகையின் மீது, எந்த நாளிலிருந்து அந்த வட்டி போடப்படுகிறது என்று கேட்பவர் குறைவு. கடனாளியைக் கரைப்பது பெரும்பாலும் அந்தக் கணக்குதான் என்பதால், முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

நிலுவை 10,000, வட்டி மாதம் 3 விழுக்காடு, மாதந்தோறும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எதுவும் வாங்காமல், ஒரு நாள்கூடத் தவறாமல் அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வருபவரின் முதல் 500இல் 300 வட்டிக்கே போய்விடுகிறது. ஓராண்டில் அவர் ஏறத்தாழ 5,380 கட்டியிருப்பார்; கடன் குறைந்திருப்பதோ 2,150 அளவுக்குத்தான். இனி, 10,000க்கு வந்த பில்லில் 9,900 கட்டிவிட்டு 100ஐ விட்டுவிட்டவரைப் பாருங்கள். மீதமுள்ள 100க்குத்தான் வட்டி என்று அவர் நினைப்பார். ஆனால் பல கார்டுகளின் நிபந்தனைப்படி, வாங்கிய நாள் முதல் பில் கட்ட வேண்டிய நாள் வரை தரப்படும் வட்டியில்லாக் காலமே ரத்தாகி, உரிய நாளில் அவர் கட்டிய 9,900க்கும் பொருள் வாங்கிய நாள் முதல் வட்டி ஏறிவிடுகிறது. இதை நியாயம் என்று எப்படி ஏற்பது?

இது மாற்ற முடியாததன்று. அமெரிக்கா 2009இல் இயற்றிய கார்டு சட்டம், உரிய காலத்துக்குள் கட்டிய பகுதிக்கு வட்டி போடுவதைத் தடுத்தது. குறைந்தபட்சத்துக்கு மேல் கட்டும் பணம் அதிக வட்டியுள்ள நிலுவைக்கே முதலில் போக வேண்டும் என்றது. குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலம் ஆகும் என்பதைப் பில்லிலேயே அச்சிடச் செய்தது. ஒரு பக்கம் கட்டுப்படுத்தினால் வங்கிகள் மறுபக்கம் வட்டியை ஏற்றிவிடும், கடன் கொடுப்பதையே குறைத்துவிடும் என்ற அச்சம் அப்போதும் இருந்தது. ஆனால் 2015இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று, தாமதக் கட்டணம் போன்றவற்றுக்கு அச்சட்டம் விதித்த கட்டுப்பாடுகளால் கடன் வாங்கியோருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,190 கோடி டாலர் மிச்சமானதாகக் கணக்கிட்டது. அதை ஈடுகட்ட வட்டி ஏறியதற்கோ கடன் சுருங்கியதற்கோ அதில் சான்று கிடைக்கவில்லை.

உச்சவரம்பையும் நான் மறுக்கவில்லை. மிகத் தாழ்வாக வைத்தால் வருமானம் நிலையில்லாதோருக்குக் கார்டு கிடைக்காமல் போகலாம் என்ற கவலை நியாயமானது. கட்டணங்களை விட்டுவிட்டு வட்டிக்கு மட்டும் வரம்பிட்டால் குறைத்த வட்டி வேறு பெயரில் பில்லுக்குள் திரும்பிவிடும். ஓரிடத்து வரம்பு எல்லை தாண்டியும் கசியும்: வங்கி தன் தலைமையகம் உள்ள மாநிலத்தின் வட்டியையே பிற மாநிலத்தாரிடமும் வாங்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்த பின், வட்டி வரம்பை நீக்கிய தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் பெரிய வங்கியொன்றின் கார்டு வணிகமே இடம்பெயர்ந்தது.

வரம்பு யாரிடமிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இந்தியாவில் ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியதை, அது ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்குட்பட்டது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. ஆகவே பேச வேண்டியவர்கள் நீங்களே.

அடுத்த முறை விதிகளைத் திருத்தும்போது, உரிய நாளுக்குள் கட்டிய பணத்துக்கு வட்டி இல்லை என்ற ஒரு வரியையாவது ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை அச்சிடப்படும் அதே கட்டத்தில், அதே அளவு எழுத்தில், கடன் தீரும் ஆண்டும் மாதமும் இடம்பெறச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மாதந்தோறும் கார்டு பில் கட்டும் ஒருவர்