டாக்டர், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்

மதிப்புக்குரிய பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறைக்கு வெளியே டோக்கனோடு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பிபி பார்க்கிறீர்கள், சுகர் பார்க்கிறீர்கள், சிகரெட் உண்டா, குடி உண்டா, அப்பா அம்மாவுக்கு ஹார்ட் பிரச்சினை இருந்ததா என்றெல்லாம் கேட்கிறீர்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், ராத்திரி தூக்கம் வராமல் எதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள், திடீரென்று ஒரு கஷ்டம் என்றால் கூப்பிட ஆள் இருக்கிறதா என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அதையும் கேளுங்கள், கேட்டதை கேஸ் ஷீட்டில் எழுதுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அது மனநல மருத்துவரின் வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் 2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வை நீங்களே படித்திருப்பீர்கள். 52 நாடுகளில் முதல் மாரடைப்போடு வந்த சுமார் 15,000 பேரையும், மாரடைப்பு வராத கிட்டத்தட்ட அதே அளவு பேரையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்பது காரணிகளை எடுத்துக் கொடுத்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இருக்கிற அதே பட்டியலில் மன அழுத்தமும் மனச்சோர்வும் சேர்ந்த உளசமூகக் காரணிகளும் இருக்கின்றன. மற்ற எட்டையும் விசாரித்துவிட்டு இந்த ஒன்றை ஏன் விட்டுவிடுகிறோம்?

மனக்கவலை எப்படி உடம்புக்குள் இறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். ஓடித் தப்பிக்க வேண்டிய பத்து நிமிடத்துக்கு அது நல்லதுதான். கடன்காரர் போன், வேலை போய்விடுமோ என்ற பயம், வீட்டுக்குள் தினமும் சண்டை என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அதே நிலை நீடித்தால் தூக்கம் கெட்டு, பிபி ஏறி, சர்க்கரை கட்டுக்குள் வராமல், நோய் எதிர்ப்பு சக்தியும் தடுமாற ஆரம்பிக்கும். அப்போது மாத்திரையின் அளவைக் கூட்டுகிறீர்கள். கூட்ட வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் கூட்ட வேண்டி வந்தது என்ற கேள்வி அறைக்குள் வரவேயில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதில் என்னை ரொம்பப் பாதித்த ஆய்வு ஒன்று உண்டு, 1995-ல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்தது. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத, ஏறக்குறைய அதே வயதுப் பெண்கள் 13 பேர். எல்லோருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னதாக ஒரே மாதிரி காயம் போட்டு, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள், பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கிட்டத்தட்ட 49 நாள். சிறிய ஆய்வுதான். ஆனால் அலுப்பும் கவலையும் தோலில் ஒன்பது நாளுக்கும் மேற்பட்ட தாமதமாகத் தெரிந்திருக்கிறது, அதை எப்படி ஒதுக்கிவிட முடியும்?

அந்த மாதிரிப் பெண்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பிளாஸ்டிக் கவரில் பழைய ரிப்போர்ட்டுகள், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் அவருக்குத்தான் மனப்பாடம், நீங்கள் கேட்கும் முன்பே தேதியோடு சொல்வார். மருந்துச் சீட்டை அவர் கையில் கொடுத்து விவரம் சொல்வீர்கள். 'நீங்க எப்படி இருக்கீங்க, தூங்குறீங்களா?' என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. என் அப்பாவோடு அப்படி நின்றவள் நான். ஒரே ஒரு டாக்டர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நீயும் கையை நீட்டும்மா' என்று எனக்கும் பிபி பார்த்தார். அன்றைக்குத்தான் எனக்கும் வைத்தியம் ஆரம்பித்தது.

அப்புறம், 'டெஸ்ட் எல்லாம் நார்மல், வெறும் டென்ஷன்தான், மனசை ரிலாக்ஸா வச்சுக்கோங்க' என்ற வாக்கியம். தயவுசெய்து அதோடு பேச்சை முடித்து அனுப்பாதீர்கள். வலி நிஜமாகவே இருக்கிறது, வந்தவர் நடிக்கவில்லை. காரணம் மனதில் தொடங்கியிருந்தாலும் நெஞ்சு படபடப்பதும் வயிறு கலங்குவதும் உடம்பில்தான். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. பதற்றமாக இருக்கும் ஒரு பெண் மூச்சு வாங்குகிறது, முதுகு வலிக்கிறது என்று சொன்னால் 'கவலைதான்' என்று அனுப்பிவிட்டு மாரடைப்பைக் கோட்டை விடுவதும் நடக்கிறது. நான் மனதைக் கேட்கச் சொல்வது ஈசிஜி எடுப்பதற்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்த்து.

ரிலாக்ஸாக இருங்கள் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பலருடைய அழுத்தம் அவர்கள் கையிலேயே இல்லை. லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், கடைநிலைப் பதவியில் இருந்தவர்கள் உயர்பதவிக்காரர்களைப் போல மூன்று மடங்கு அளவுக்கு இதய நோயால் இறந்தார்கள். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தும் அந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. மேலே இருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும், தன் வேலையில் தனக்கென்று ஒரு முடிவெடுக்க முடியாது என்ற நிலையில் இருக்கிறவரிடம் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பினால் போதுமா?

நேரம் இல்லை என்பீர்கள், நியாயம்தான். ஆனால் பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்ற பயம் தேவையில்லை. 1984-ல் அமெரிக்காவில் பார்த்தபோது நோயாளி பேச ஆரம்பித்த சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருக்கிறார். 2002-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 நொடியில் அவர்களாகவே முடித்துவிட்டார்கள், 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

கேட்டபிறகு என்ன செய்வது, கடனை நான் அடைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது, யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. இங்கிலாந்தில் 2019 முதல் பொது மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்ய இணைப்புப் பணியாளர்களை நியமித்து வருகிறார்கள். தனிமையோ கடனோ வீட்டுப் பிரச்சினையோ இருக்கிறவரை டாக்டர் அவர்களிடம் அனுப்புவார், அவர்கள் உட்கார்ந்து பேசி உதவிக் குழுவிடமோ ஆலோசகரிடமோ சேர்த்துவிடுவார்கள். உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள், நாங்கள் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் எடுபடும். அதுவரைக்கும் சமூகப் பணியாளர், ஆலோசகர், உதவிக் குழு என்று நான்கு நம்பர் எழுதிய ஒரு தாள் மேஜை டிராயரில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும், முதல் தடவை கேட்டதும் பலர் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எழுதி மூடிவிட வேண்டாம். அடுத்த முறை வரும்போது, பேசினால் பிபி அளவு ஏறிவிடும் என்பதால் பட்டையைக் கழற்றிய பிறகு, இன்னொரு தரம் கேளுங்கள். கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது, சிலருக்குப் பிரச்சினையே கூட வந்தவராக இருக்கலாம்.

இப்படிக்கு,
அப்பாவின் ஃபைலோடு வந்துகொண்டிருந்த ஒரு மகள்