பின்பலகை இல்லாத வளையம்

ஆசிரியர் அவர்கட்கு,

வலைப்பந்தாட்டத்தைக் கூடைப்பந்தின் இலகுவான வடிவம் என்று பலர் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. 1890களில் இங்கிலாந்தில், கூடைப்பந்திலிருந்து பிறந்ததுதான். வளர்ந்த விதம் வேறு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் விட்டாக வேண்டும். ஏழு பேரும் அவரவர் எல்லையைத் தாண்டக்கூடாது. கோல் போட இருவருக்கு மட்டுமே உரிமை, அதுவும் வட்டத்துக்குள் நின்று. பட்டுத் தெறித்து விழ வளையத்தின் பின்னால் பலகையும் கிடையாது!

2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் கோல் போட்டவர் எங்கள் தர்ஜினி சிவலிங்கம். அவரைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இன்னும் புழுதியில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். கிராமப் பாடசாலைகளுக்கு முதலில் ஒழுங்கான திடல் அமைத்துக் கொடுங்கள்.

வாசகி ஒருத்தி,
யாழ்ப்பாணம்.