பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை ஏலம் விடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மின் பகிர்மான நிறுவனங்களிலும் ஆலைகளிலும் பணிமனைகளிலும் ஆயுள் முடிந்த டிரான்ஸ்ஃபார்மர்களைக் கழிவில் சேர்த்து, உள்ளே இருக்கும் எண்ணெயைப் பேரல் கணக்கில் ஏலம் விடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஒரே அலுவலகத்துக்கு எழுதியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கிறதா என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் "அது எங்க செக்‌ஷன் இல்லம்மா" என்றே பதில் வருகிறது. அதனால் எல்லா செக்‌ஷனுக்கும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

நான் ஒரு ஆய்வகத்தின் திசுப் பிரிவில் 27 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலையின் பெரும்பகுதி எலியின் ஈரலோடுதான். மருந்தோ ரசாயனமோ கொடுத்த எலியின் ஈரலை எடுத்து, எடை போட்டு, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, 5 மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பேன். நோய்க்கூறு படித்த டாக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவருக்கு முன்னால் பார்ப்பது நான்தான். எது சரியான ஈரல், எது கெட்ட ஈரல் என்பது நாலைந்து வருடத்தில் கைக்கே தெரிந்துவிடும்.

போன ஆடியில் அண்ணன் மகனின் வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறை. எண்ணெய்க்குள் சுருள் மூழ்கியிருக்கும் பழைய வகை வெல்டிங் செட் அவனுடையது. மூடியைத் திறந்துவைத்து, ஒரு பிளாஸ்டிக் மக்கால் பேரலிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். முழங்கை வரை எண்ணெய். பழைய துணியில் கையைத் துடைத்துவிட்டு, டீக்கடைப் பையன் கொண்டுவந்த வடையை அதே கையால் எடுத்தான்.

"என்ன எண்ணெய்டா இது?"

"டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் அத்தை. ஏலத்துல எடுத்தவர்கிட்ட ஒரு பேரல் வாங்கினேன். புதுசு வாங்குனா கட்டுப்படியாகாதுங்க."

"டெஸ்ட் பண்ணினதா?"

"பிடிவி எல்லாம் பாத்துத்தான் குடுத்தாங்க. நல்லாத் தாங்குது."

பிடிவி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை கிலோவோல்ட் வரை எண்ணெய் தாங்கும் என்று பார்ப்பது. அதோடு ஈரம் பார்ப்பீர்கள், அமிலம் பார்ப்பீர்கள். எல்லாமே டிரான்ஸ்ஃபார்மரின் உடல்நலத்துக்கான சோதனைகள். அந்த எண்ணெயில் பிசிபி இருக்கிறதா என்று இதில் ஒன்றுகூடச் சொல்லாது. நான் எழுதுவதன் காரணம் இதுதான்.

பிசிபி என்பது பாலிகுளோரினேற்ற பைஃபீனைல். குளோரின் அணுக்கள் ஒட்டும் எண்ணிக்கையையும் இடத்தையும் பொறுத்து 209 வகை. 1929-லிருந்து தொழில்முறையில் தயாரித்தார்கள். அமெரிக்காவில் மான்சான்டோ ஆரோக்ளோர் என்ற பெயரில் விற்றது, ஜப்பானில் அதுவே கனெக்ளோர். தீப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது, எத்தனை வருடமானாலும் கெடாது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் கெபாசிட்டருக்கும் இதைவிட நல்ல எண்ணெய் கிடைக்காது என்று அன்றைய இன்ஜினியர்கள் கொண்டாடியதில் தப்பில்லை. இயந்திரத்துக்குள் கெடாத அதே குணத்தால்தான் உடம்புக்குள் போனாலும் அது கெடாமல் உட்கார்ந்துகொள்கிறது. கொழுப்பில் கரையும், மீனில், பாலில், முட்டையில் ஏறும். 1966-ல் ஸ்வீடனில் சோரன் ஜென்சன் என்ற வேதியியலாளர் டிடிடி பூச்சிக்கொல்லியைத் தேடப்போய், கழுகின் உடலில் வேறு ஏதோ அடையாளம் தெரியாத பொருள் இருப்பதைக் கண்டு, அது பிசிபி என்று கண்டுபிடித்தார். தன் கைக்குழந்தையின் தலைமுடியிலும் அது இருந்ததாக அறிவித்தார்.

இனி ஈரல். எலிக்கு மக்காச்சோள எண்ணெயில் கலந்தோ தீனியில் கலந்தோ பிசிபி கொடுத்தால் முதலில் தெரிவது எடை. ஆரோக்கியமான எலியின் ஈரல் அதன் உடல் எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு இருக்கும். பிசிபி தின்ற எலியின் உடல் எடை ஏறாது, ஈரல் மட்டும் ஏறும். தகட்டில் பார்த்தால் நடு இரத்தக் குழாயைச் சுற்றியுள்ள செல்கள் உப்பிப்போய் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. வந்திருக்கும் அந்நியப் பொருளை உடைத்து வெளியேற்ற ஈரல் தன் நொதிகளைக் கூட்டுகிறது. நொதிக்கு இடம் வேண்டும், அதனால் செல்லுக்குள் சவ்வுகள் பெருகுகின்றன. ஆனால் குளோரின் நிறைய ஒட்டிய பிசிபியை அந்த நொதிகளால் சுலபத்தில் உடைக்க முடியாது. போகாத விருந்தாளிக்காக அடுப்பை அணைக்காமல் சமைத்துக்கொண்டே இருக்கிற வீடு மாதிரி ஈரல் ஓயாமல் உழைக்கும்.

அடுத்தது கொழுப்பு. நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக இருக்கும், ஃபார்மலின் குப்பியில் போட்டதும் அடியில் போய் உட்காரும். கொழுப்பு நன்றாக ஏறிய ஈரல் மஞ்சள் பூத்து, கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும். குப்பியில் போட்டால் மிதக்கும். முதல்முறை ஒன்று மிதந்தபோது காற்று புகுந்துவிட்டதாக நினைத்து இடுக்கியால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். விட்டதும் மேலே வந்தது. அதைச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்லெல்லாம் வெள்ளை வெள்ளை ஓட்டைகள். கொழுப்பு இருந்த இடம் அது; சாயம் ஏற்றுமுன் நாங்கள் பயன்படுத்தும் கரைப்பான்கள் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

கடைசியில் வருவது புற்று. 1975-ல் அமெரிக்காவில் ரெனேட் கிம்ப்ரோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பெண் எலிகளுக்குத் தீனியில் 100 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 100 பங்கு) ஆரோக்ளோர் 1260 என்ற பிசிபிக் கலவையைக் கலந்து ஏறக்குறைய 21 மாதம் கொடுத்தார்கள். பார்க்கக் கிடைத்த 184 எலிகளில் 26-க்கு ஈரல் புற்று. பிசிபி கொடுக்காத 173 எலிகளில் 1-க்கு மட்டும். இத்தனைக்கும் ஈரல் பற்றிய எச்சரிக்கை அதற்கும் ஏறக்குறைய 40 வருடம் மூத்தது. நியூயார்க்கில் குளோரினேற்றிய மெழுகைக் கையாண்ட தொழிலாளர்கள் மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு, 1937-ல் ஹார்வர்டின் செசில் டிரிங்கர் இந்தக் குடும்பத்து ரசாயனங்களின் ஆவியில் எலிகளை வைத்துச் சோதித்து, ஈரல் சேதத்தை எழுதிவைத்தார்.

"எலி வேறு, மனுஷன் வேறு" என்று நீங்கள் சொல்லலாம். பாதி நியாயம். எலியின் ஈரல் இப்படிப்பட்ட ரசாயனங்களுக்குச் சட்டென்று கட்டி வளர்க்கும் ஈரல்தான். எங்கள் டாக்டரே அதைச் சொல்லுவார். ஆய்வகத்தில் கொடுக்கும் அளவு எந்த வெல்டர் உடம்பிலும் ஏறாது என்பதும் சரி. ஆனால் எலி வாழ்வது இரண்டு, மூன்று வருடம். மனித உடம்பில் சேர்ந்த பிசிபியில் பிடிவாதமான வகைகள் பாதியாகக் குறையவே 10 முதல் 15 வருடம் ஆகும். இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஆய்வு. சுண்டெலிகளுக்குக் குறைந்த அளவு ஆரோக்ளோர் 1260 கொடுத்தார்கள். சாதாரணத் தீனி தின்றவற்றின் ஈரல் பெரிதாகக் கெடவில்லை. கொழுப்புத் தீனி தின்றவற்றுக்கோ வெறும் கொழுப்பு ஈரலாக நின்றிருக்க வேண்டியது அழற்சி வரை போனது. ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்த கல்லீரலோடு ஊரில் பாதிப்பேர் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிற காலத்தில், இந்த முடிவு என்னைத் தூங்கவிடவில்லை.

எலி வேண்டாம் என்றால் கோழியைப் பாருங்கள். 1968 பிப்ரவரி, மார்ச்சில் மேற்கு ஜப்பானில் சுமார் 4 லட்சம் கோழிகள் செத்தன. தீனியில் சேர்த்த எண்ணெய்தான் காரணம் என்று தெரிந்தது. அது ஒரு தவிட்டெண்ணெய் ஆலையின் உபபொருள். அதே ஆலையின் சமையல் எண்ணெய் கடைகளில் தொடர்ந்து விற்றது. அந்த ஆண்டே மனிதர்களுக்கு முகமெல்லாம் கரும்பருக்கள், கண் இமை வீக்கம். எண்ணெயைச் சூடாக்கும் குழாயில் ஓடிய கனெக்ளோர் கசிந்து சமையல் எண்ணெயில் கலந்திருந்தது. யுஷோ என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். சூட்டில் பிசிபியிலிருந்து உண்டான ஃபியூரான்கள் என்ற நச்சு ரசாயனங்கள்தான் பெரிய குற்றவாளி என்பது பின்னால் தெரிந்தது. பாதிக்கப்பட்ட ஆண்களிடம் கல்லீரல் புற்றால் சாவு கூடுதலாக இருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1979-ல் தைவானில் இதே கதை, இதே தவிட்டெண்ணெய்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு எலியைத் தொடுவதற்கு முன் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: இந்தச் சோதனை ஏற்கெனவே யாராவது செய்து முடித்ததா? ஆமென்றால் அனுமதி கிடையாது, எலியை வீணாகக் கொல்லக் கூடாது. பிசிபி எலி ஈரலைக் கெடுக்குமா என்று பார்க்க நான் இன்று விண்ணப்பம் போட்டால் குழு சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பும். ஆனால் பட்டறைக்கு வந்த எண்ணெயைப் பற்றி நான் போய்க் கேட்ட இடத்தில், மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கேட்டது: "இதனால பாதிப்புன்னு ஆதாரம் இருக்காம்மா?"

இந்தியா பிசிபியைத் தயாரித்ததில்லை, இறக்குமதி செய்த சரக்குதான். எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006-ல் ஏற்றோம். 2016-ல் மத்திய அரசு தனி ஆணையே போட்டது: தயாரிப்பும் இறக்குமதியும் கூடாது, 2025 டிசம்பர் 31-க்குள் பயன்பாட்டை அடியோடு நிறுத்த வேண்டும். சுமார் 7,700 டன் பிசிபி சரக்கை அப்புறப்படுத்த ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்போடு சேர்ந்து திட்டமும், பிலாய் உருக்காலையில் அதற்கென்று சுத்திகரிப்பு வசதியும் வந்தன. சட்டம் இருக்கிறது, ஆலை இருக்கிறது. பேரலுக்கும் பிலாய்க்கும் நடுவில் இருப்பது உங்கள் ஏல அறிவிப்பு.

எந்த டிரான்ஸ்ஃபார்மரில் பிசிபி இருக்கிறது என்று நீங்கள் தேடும் முறையிலும் ஒரு ஓட்டை. தூய பிசிபி தண்ணீரைவிடக் கனம், ஒரு சொட்டு விட்டால் மூழ்கும். சாதாரண மினரல் ஆயில் மிதக்கும். ஆகவே பெயர்ப்பலகையில் பிசிபி என்று போடாத, மிதக்கிற எண்ணெயெல்லாம் பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் எண்ணெயைச் சுத்தம் செய்யும் ஒரே ஃபில்டர் மெஷினை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டிய ஓஸை அடுத்ததில் சொருகினால் என்ன ஆகும்? முதலாவதில் பிசிபி இருந்திருந்தால், குழாயில் தங்கியது இரண்டாவதில் கலக்கும். கிலோவுக்கு 50 மில்லிகிராம் தாண்டினாலே அதைப் பிசிபி எண்ணெய் என்று கணக்கில் எடுக்க வேண்டும். அந்த அளவில் எண்ணெய் மிதக்கும், நிறம் மாறாது, மணம் மாறாது, பிடிவியும் நன்றாகவே தாங்கும். கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற, பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவியில் ஏற்றினால்தான் தெரியும். முதல் கட்டத்துக்குக் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் கிட் போதும். அங்கேயே சில நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஏலத்தில் போன எண்ணெய் வெல்டிங் செட்டோடு நிற்பதில்லை. கழிவெண்ணெயாகி அடுப்பில் எரிகிறது. பிசிபி கலந்தது தாழ்ந்த சூட்டில் எரிந்தால் ஜப்பானில் பார்த்த அதே ஃபியூரான் பிறக்கும். மிச்சம் குப்பைமேட்டுக்குப் போகிறது. சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மாரின் பாலை ஜப்பானின் எகிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். டையாக்ஸின் என்ற நச்சு வகைகளும் அதே குணமுள்ள பிசிபிகளும் அதில் இருந்தன. குப்பையில் மேய்ந்த மாடுகளின் பால் வழியாக வந்திருக்கலாம் என்று எழுதினார்கள். அங்கே அது எந்தக் கழிவிலிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பேரலில் இருக்கும்போதே பிடிக்கச் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஏலத்துக்கு வைக்கும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயையும் முன்கூட்டியே பிசிபி சோதனை செய்யுங்கள். பேரல்களில் ஒன்றை மட்டும் எடுத்து மீதியை ஊகிக்காதீர்கள், கலந்த பிறகு எடுத்தால் நீர்த்துப்போயிருக்கும். முடிவை ஏல அறிவிப்பிலேயே போடுங்கள், பிடிவி எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணாக. சோதிக்காத டிரான்ஸ்ஃபார்மரில் ஃபில்டர் மெஷினை இணைக்கவிடாதீர்கள். ஏற்கெனவே விற்ற எண்ணெய் யாரிடம் போனது என்று பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது. வாங்கியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எண்ணெய் வடித்துக் கொடுக்கும் கூலியாட்களுக்குக் கையுறையாவது கொடுங்கள், பனியனைக் கழற்றிப் பிழிந்து துடைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் மகன் அந்த எண்ணெயைத் தொடுவதை நிறுத்திவிட்டான். வெல்டிங் செட்டிலிருந்து வடித்து, பேரலை மூடி, சாக்கைப் போர்த்திப் பட்டறை மூலையில் வைத்திருக்கிறான். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத விஷம். சோதிக்கத் தனியார் லேபில் கேட்ட தொகை பேரல் விலையைவிடக் கூடுதல். சாக்கடையில் ஊற்றமாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான், பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்டபோதும் தரவில்லை. 200 லிட்டர் பேரல், முக்கால்வாசி இருக்கிறது. வண்டி வாடகை நாங்களே கொடுத்துக்கொள்கிறோம். எந்த ஊரில், எந்த வாசலில் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று மட்டும் யாராவது ஒருவர் எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசுப் பிரிவு டெக்னீஷியன் ஒருவர்