கிரகம் என்று எழுதினால் தப்பா? அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி போன வாரம் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். சூரியனைச் சுற்றிவரும் பூமி, செவ்வாய் போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் கேட்டிருக்கிறார்கள். 'கிரகங்கள்' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'கோள்கள்' என்று திருத்தியிருந்தது. மதிப்பெண் போனால் போகட்டும். "அப்போ நீ சொல்றது தப்பா தாத்தா?" என்று கேட்டாளே, அதற்குத்தான் இந்த மடல்.

கோள் நல்ல சொல். துணைக்கோள், சிறுகோள், செயற்கைக்கோள் என்று பந்தலில் ஏறிய அவரைக்கொடி மாதிரி படர்ந்துவிட்டது. 'செயற்கைக் கிரகம்' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கே வராது. 2006-இல் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து இறக்கினார்களே, அதற்குக் 'குறுங்கோள்' என்று பெயர் வைக்க முடிந்ததும் இந்தச் சொல்லின் தயவில்தான்.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். கொள், அதாவது பிடித்துக்கொள் என்பதிலிருந்து வந்தது கோள். பிடித்தல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது கிரகம். கிரகணமும் அதே வேர்தான். ஆக இரண்டும் 'பிடிப்பது' என்றே சொல்கின்றன. "எல்லாம் என் கெரகம்" என்று தலையில் அடித்துக்கொள்ளும் எங்கள் ஊர்க்காரர் அந்தப் பழைய பொருளை இன்னும் விடவில்லை. (கிரகப்பிரவேசத்தில் வரும் கிரகம் வேறு, அது வீடு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேத்திக்கு இதைச் சொன்னதும் ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.)

இதைவிட எனக்குப் பிடித்தது ஒவ்வொரு கோளின் தனிப்பெயர். சங்கப் பாடல்களில் வெள்ளி வெண்மீன், சனி மைம்மீன். அசையாமல் கூட்டமாய் நிற்பவை நாள்மீன், அவற்றின் நடுவே இடம் மாறிப் போகிறவை கோள்மீன். தொலைநோக்கி இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். செவ்வாயின் சிவப்பு அதன் பெயரிலேயே இருக்கிறது. சனிக்கு மந்தன் என்றும் பெயர் உண்டு, மெதுவாகப் போகிறவன். சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை வருடம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை வருடம், அதுதான் சனிப்பெயர்ச்சிக் கணக்கு. வியாழனுக்குச் சுமார் 12 வருடம், அதனால் குருப்பெயர்ச்சி வருடத்துக்கு ஒன்று. ஜோசியம் சொல்லிக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, பலனெல்லாம் ஜோசியரோடு இருக்கட்டும். அந்தக் கணக்கு மட்டும் உங்கள் பாடத்தைச் சேர்ந்தது.

யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் எங்கள் பாட்டிமார் வாயில் ஏன் பெயரில்லை என்று பேத்தி கேட்டாள். தொலைநோக்கியில் 1781-இல் ஒன்றும் 1846-இல் மற்றொன்றும் அகப்பட்டவை. பாட்டி எங்கே போய்ப் பார்ப்பாள்? நல்ல கேள்வி, எனக்கே அதுவரை தோன்றவில்லை.

அப்புறம், ஓசூர், தளி பக்கம் உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை சுக்ரவாரம், செவ்வாய்க்கிழமை மங்களவாரம். 2013 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய மங்கள்யான் எந்தக் கோளுக்குப் போனது என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள், கிழமையை வைத்தே சொல்லிவிடும். அந்த வாயைச் சிவப்பு மை அடைக்க வேண்டாம்.

நான் கேட்பது சின்னதுதான். விடைக்குறிப்பில் 'கோள்கள் அல்லது கிரகங்கள்' என்று எழுதிக்கொள்ளுங்கள். பாடநூல் சொல்லைப் பழக்க வேண்டுமென்றால் மேலே கோள் என்று எழுதுங்கள், அடிக்காதீர்கள். இந்தப் பாடம் நடத்தும் வாரத்தில் பிள்ளைகளிடம், வீட்டில் பெரியவர்கள் இவற்றை என்னென்ன பெயரில் சொல்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கரும்பலகை போதாது, பாருங்கள்.

தக்காளிக் கூடையை வண்டியில் ஏற்றும் விடிகாலையில், சில மாதங்கள் கிழக்கே வெள்ளி பளிச்சென்று நிற்கும். என் அப்பாவுக்கு அது விடிவெள்ளி. சாயங்காலம் மேற்கே தெரிவதும் அதே வெள்ளிதான் என்று எனக்குச் சொன்னவர் என் ஆறாம் வகுப்பு வாத்தியார். இரண்டு பேர் சொன்னதையும் பேத்தியின் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை திருத்தும்போது அந்தப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர்